கிணத்து வளைவில் காய்ந்த உளுந்து

கிணத்து வளைவில் ஏழு வருஷத்தில் பதினோரு பேர் செத்திருக்கிறார்கள். மலர்க்கொடியின் புருஷன் தட்சிணாமூர்த்தி அதில் ஆறாவது ஆள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோடு சாத்தங்குழியில் நேராகப் போயிருக்க வேண்டியது. ஒரு கிணற்றுக்காகச் சுற்றிக்கொண்டு போகிறது. கிணறு மலர்க்கொடியின் அண்ணன் பழனிவேலுடையது. ரோடு போட வந்த காலத்தில் அந்த வீட்டு ஆம்பளைகள் கடப்பாரையோடு நின்று கிணற்றைத் தரமாட்டோம் என்றார்களாம். ரோடு ஒதுங்கிப் போய்விட்டது.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர், மணல் லாரி, பஸ் எல்லாம் அந்த ஒரே இடத்தில் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் தாரில் இருந்த ஜல்லியின் மூக்கை மழுக்கிவிட்டன. வெயிலில் பார்த்தால் ரோடு மின்னும். பெரிய மழை பெய்தால்கூடப் பரவாயில்லை, அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். தூறல்தான் ஆளைத் தூக்கும். தட்சிணாமூர்த்தி சென்ட்ரிங் வேலை முடிந்து தூறலில் வந்தான். பிரேக்கைத் தொட்டான், அவ்வளவுதான். வண்டி படுத்தது. அவன் வழுக்கிக்கொண்டே போய்க் கரும்பு டிரெய்லரின் பின்சக்கரத்துக்குள் தலையை விட்டான். மலர்க்கொடி வந்து பார்த்தபோது தலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை வைத்து அடையாளம் சொன்னாள்.

பழனிவேல் தங்கையையும் அவள் மகள் இலக்கியாவையும் கூட்டிவந்து தன் வீட்டுப் பின்பக்கம் ஷீட் கொட்டகை போட்டு வைத்துக்கொண்டான். கிணத்து மேட்டில் கொஞ்சம் நிலத்தைக் காட்டி, "நெல்லு என்னுது. அறுத்தப்புறம் உளுந்து தெளிச்சுக்கோ, அது உன்னுது" என்றான். யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஊரே சொன்னது.

பதினோராவது ஆள் செத்த அன்றைக்குப் பழனிவேல்தான் முதலில் ரோட்டில் உட்கார்ந்தான். நாலு மணி நேரம் மறியல். பஸ் எல்லாம் வரிசையாக நின்றன. இன்ஸ்பெக்டர் சட்டையைப் பிடித்துத் தூக்கியும் எழுந்திருக்கவில்லை. "எந்தங்கச்சி தாலியை அறுத்த ரோடுய்யா இது. இதைச் சரி பண்ணிட்டு என்னை ஜெயில்ல போடு" என்றான். பெரிய அதிகாரி இறங்கிவந்து பேசினார். கிணற்றை இடிக்க நிலம் எடுத்தால் பத்து வருஷம் ஆகும். அதற்குப் பதில் ரோட்டின் மேல்தோலை மாற்றிப் பார்ப்போம், சக்கரம் பிடிக்கிற மாதிரி சொரசொரப்பாகப் போடுவோம் என்றார்.

போட வந்த ஆட்களில் மலர்க்கொடியும் ஒருத்தி. அவள் ஏற்கெனவே தார் ரோடு வேலைக்குப் போகிறவள். சூப்பர்வைசர் அபுல் ஹசன் பரங்கிப்பேட்டைக்காரர். கத்தாரில் பதினாலு வருஷம் ரோடு போட்டுவிட்டு இடுப்பு வலியோடு திரும்பி வந்தவர். இரண்டு டின் பசையைக் கலந்து ரோட்டில் ஊற்றி, அது காய்வதற்குள், சூளையில் சுட்டு நொய்யரிசி அளவுக்கு உடைத்த கெட்டிக் கல்லை மேலே கொட்ட வேண்டும். கேட்க லேசாக இருக்கும்.

"பழைய ரோட்டுல ஒரு சொட்டு டீசல் இருந்தாலும் ஒட்டாது தங்கச்சி. கழுவு. கழுவி முடிச்சிட்டு மறுபடி கழுவு."

"பொண்ணு பாக்க வர்றாங்களா பாய் ரோட்டை?"

"ஆமா. மாப்பிள்ளை லாரில வர்றாரு. பேசாம தேய்."

பசை பட்ட இடத்தில் தோல் கொப்பளித்து உரிந்தது. கையுறை இரண்டு நாளில் கிழிந்தது. மூன்றாம் நாள் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டார்கள். பசை கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் கல்லைப் போடச் சொன்னார் அபுல் ஹசன். மின்னுகிற இடத்தில்தான் ஆள் சாவான், மின்ன விடாதே என்றார். காய்ந்தபிறகு ஒட்டாத கல்லைக் கூட்டித் தள்ளினார்கள். வளைவு தவிட்டு நிறத்தில் கிடந்தது. உள்ளங்கையை வைத்து இழுத்தால் தோல் போய்விடும். அரம் மாதிரி இருந்தது.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் வளைவில் ஒருத்தரும் சாகவில்லை. ஆலப்பாக்கத்து ஆள் ஒருவன் குடித்துவிட்டு விழுந்தான். முட்டி எலும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து, "எவன்டா ரோட்டுல கொத்துன அம்மியைப் போட்டு வெச்சது?" என்று அழுதான். மலர்க்கொடி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வீட்டுக்குப் போவான்.

பயம் போனதும் எல்லாரும் ஆக்சிலேட்டரைத் திருகினார்கள். முன்னே முப்பதில் ஊர்ந்த வளைவில் அறுபதில் திரும்பினார்கள். சக்கரம் பிடித்தது. இலக்கியா பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸும் அப்படித்தான் திரும்பியது.

மாசிக் கடைசியில் உளுந்து அறுப்பு வந்தது.

அந்தப் பக்கத்தில் உளுந்துச் செடியைக் களத்தில் போட்டு அடிப்பவர்கள் யாரும் இல்லை. ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வண்டி வருகிற வண்டியெல்லாம் ஏறி, காய்ந்த காயை, அதாவது நெத்தை, உடைத்துக் கொடுத்துவிடும். கூலி மிச்சம். முதலில் கல் வரிசை வைத்து இடம் பிடிப்பவனுக்குத்தான் ரோடு. எல்லா வருஷமும் வளைவைத் தாண்டி, நேர் ரோட்டில்தான் போடுவார்கள். வளைவில் போட்டால் செத்துப்போவார்கள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் இந்த வருஷம் பழனிவேலின் டிரெய்லரிலிருந்து ஒரு கட்டு வளைவில் விழுந்துவிட்டது. அதை எடுக்கத் திரும்பி வருவதற்குள் இரண்டு லாரி ஏறியிருந்தது. பழனிவேல் குனிந்து அள்ளிப் பார்த்தான். நேர் ரோட்டில் பதினைந்து வண்டி ஏறினாலும் பாதி நெத்து வாயைத் திறக்காது. இங்கே இரண்டே வண்டியில் அத்தனையும் உடைந்து பயறு தனியாக, பொட்டு தனியாக நின்றது. கீழே கல் கடிக்கிறது, மேலே சக்கரம் அழுத்துகிறது.

"மிஷினு மாதிரி இருக்குடா!" என்றான் பக்கத்தில் இருந்தவனிடம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலர்க்கொடி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அபுல் ஹசனோடு அடுத்த வளைவுக்கு வேலைக்குப் போனாள். அது கூப்பிடு தூரம். கிணத்து வளைவு முழுக்க, ரோட்டின் இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்துக்கு உளுந்துச் செடி கிடந்தது. ஓரத்தில் தலை அளவுக் கல்லாக வரிசை. பழனிவேல் செடி புரட்டுகிற கவைக்கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

அபுல் ஹசன் அப்படியே நின்றுவிட்டார். "யா அல்லாஹ்" என்றார். போனை எடுத்தார். "நான் டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லப்போறேன்."

"இருங்க பாய். போலீசு வந்தா ஊரோட சண்டையாயிடும். நான் பேசறேன்."

"பேசு. அஞ்சு நிமிஷம்."

மலர்க்கொடி அண்ணனிடம் போனாள். "என்னாண்ணே இது? எடுண்ணே."

"என்னாத்த எடுக்கறது?"

"செடிய. இது மேல டூவீலர் வந்தா என்னா ஆவும்? அடியில சொரசொரப்பு இருந்து என்னா புண்ணியம், சக்கரம் செடி மேலதானே நிக்குது?"

"பகல்லதானே போட்டிருக்கேன். கண்ணு இல்லியா அவனுங்களுக்கு? கல்லு வெச்சிருக்கேன், தெரியல?"

"அந்தக் கல்லுல மோதியும் சாவானுங்க."

"இந்த ரோட்டுக்காக எவன்டி நாலு மணி நேரம் வெயில்ல உக்காந்தான்? இந்த பாயா? நான் உக்காந்தேன். எங்கெணத்து ஓரம், என் நெலத்து ஓரம். ஒரு காலைல நான் போட்டுக்கக் கூடாதா?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கீழ்ப்பக்கம் கெடக்கறது யாருதுன்னு பாரு. உன்னுதுதான். ரெண்டு மூட்டை தேறும். இலக்கியாவுக்குக் காலேஜு சேக்கணும்னியே? எடுத்துடு, எடுத்துத் தலைல வெச்சுக்கோ."

மலர்க்கொடி கீழ்ப்பக்கம் பார்த்தாள். நல்ல விளைச்சல். இந்த வருஷம் புழு விழவில்லை.

"ஒரு பக்கமாச்சும் எடு" என்றாள். அப்போதே தான் தோற்றுவிட்டது அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் பழனிவேல் கடலூர் போகிற பக்கத்தை வாரி, எல்லாவற்றையும் சிதம்பரம் போகிற பக்கத்தில் போட்டான். "பதினோரு மணிக்கு எடுத்துடுவேன். போதுமா மகாராணி?"

அவள் திரும்பி வந்து, "பதினோரு மணி வரைக்கும்தான் பாய்" என்றாள்.

"நீ இந்த ரோட்டைப் போட்டவ" என்றார் அபுல் ஹசன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடந்தார். அவர் அன்றைக்கு அந்தப் போனைப் போட்டிருக்க வேண்டும். அவரே பிற்பாடு சொன்னார்.

சீக்கிரம் முடியட்டும் என்று மலர்க்கொடி அங்கேயே நின்றாள். மண்வெட்டியைக் கல் வரிசையில் சாய்த்து வைத்துவிட்டு, அண்ணனிடம் கவைக்கம்பை வாங்கிச் செடியைப் புரட்டிக் கொடுத்தாள். வண்டி ஏறஏற நெத்து பட்பட்டென்று வெடித்தது. செடி நசுங்கிச் சாறு விட்டது. அடியில் பச்சைப் பிசின் மாதிரி ஒன்று கல்லின் பல்லுக்குள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. அதன் மேல் உருண்டை உருண்டையாக உளுந்து. செருப்புக் காலை வைத்தபோது அவளுக்கே வழுக்கியது.

பத்தரை மணிக்குக் கடலூர்ப் பக்கமிருந்து அன்புமணி வந்தான். பக்கத்து வீட்டு சௌந்தரத்தின் ஒரே மகன். சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வருவான். அறுபதுக்குக் குறையாமல் வந்தான். இந்த வளைவு பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும், ஐந்து மாதமாகப் பிடிக்கிறது.

மலர்க்கொடி கவைக்கம்பைத் தூக்கி ஆட்டி, "மெதுவா! டேய், மெதுவாடா!" என்று கத்தினாள்.

அன்புமணி அவளைப் பார்த்துச் சிரித்தான். அத்தை கை காட்டுகிறாள் என்று நினைத்துத் தானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

முன்சக்கரம் செடியில் ஏறியதும் வண்டி அவனை விட்டுப் போய்விட்டது. அவன் படுத்தவாக்கில் ரோட்டைக் குறுக்கே தேய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அந்தப் பக்கம் சிதம்பரத்திலிருந்து ஒரு தனியார் பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். அங்கே ரோடு சுத்தமாக இருந்தது. டயர் அலறிக்கொண்டு பஸ் தன் நீளத்துக்குள் நின்றுவிட்டது. அப்படியொரு பிடி. ஆனால் நிற்பதற்குள் இடது முன்சக்கரம் அன்புமணியின் நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது.

சத்தம் ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஈர மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒன்று. பிறகு அவன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம். கண் திறந்திருந்தது. ஒரு கால் மட்டும் மூன்று நாலு தடவை உதைத்துவிட்டு நின்றது.

மலர்க்கொடிக்குக் கால் ஓடவில்லை. பழனிவேலுக்கு ஓடியது.

"வாருங்கடா! டேய், வாருங்கடா மொத்தத்தையும்!" என்று அவன் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். நாலு பேர் பாய்ந்து வந்து செடியை அள்ளி அள்ளி வாய்க்காலில் எறிந்தார்கள். ஒருத்தன் துடைப்பத்தால் உளுந்தை ஓரத்துக்குத் தள்ளினான். டீக்கடையிலிருந்தும் வயலிலிருந்தும் ஜனங்கள் வந்து சேருவதற்குள் ரோட்டில் பரப்பினதில் முக்கால்வாசி இல்லை. ஓடி வந்தவர்கள் பார்த்தது பஸ்ஸையும் அதன் கீழே ஊர்ப் பையனையும்தான்.

"டிரைவரைப் புடிங்கடா!" என்றான் பழனிவேல்.

இந்த ரோட்டில் எது நடந்தாலும் பெரிய வண்டிக்காரனைத்தான் அடிப்பார்கள். கண்டக்டர் வயலில் இறங்கி ஓடிவிட்டான். டிரைவர் தமிழ்மணி ஓடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், நரைத்த மீசை. கதவைத் திறந்து தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். முகம் ரோட்டில் அடிபட்டது. அந்த ரோட்டில் முகம் பட்டால் என்ன ஆகும்? ஒரு கன்னம் முழுக்க உரிந்துவிட்டது.

"நான் நின்னுட்டேன்யா! என் சைடுலதான்யா வந்தேன்! அந்தப் புள்ளதான் வழுக்கி..."

"வழுக்குனானா? எங்கடா வழுக்கும்? ரோடு எப்பிடி இருக்குன்னு பாருடா நாயே!" செருப்புக் காலால் வாயில் மிதித்தான் ஒருவன். பல் உடைந்து கல்லோடு கல்லாக விழுந்தது. பஸ் கண்ணாடியை உடைத்தார்கள். உள்ளே பொம்பளைகள் அலறிக்கொண்டு பின்வாசல் வழியாகக் குதித்தார்கள். தமிழ்மணி முழங்கையால் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். இருபது பேர் கால். யாரோ கீழே கிடந்த கவைக்கம்பை எடுத்து அதன் முனையால் குத்தினான். அது கண்ணில் இறங்கியது. அதற்கப்புறம் அவர் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

அபுல் ஹசன் அடுத்த வளைவிலிருந்து ஓடி வந்து கூட்டத்துக்குள் விழுந்து டிரைவர் மேல் கவிழ்ந்துகொண்டார். "விடுங்கப்பா, அல்லாவுக்காக விடுங்க, செத்துடுவான்!" அவர் முதுகிலும் விழுந்தது. இடுப்பில் ஒருவன் உதைத்தான். அவர் நகரவில்லை.

அப்போது பழனிவேல் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். உளுந்துக்குக் காவல் வைத்த கல். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான்.

மலர்க்கொடி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபத்தில் அடிப்பவன் எங்கே அடிக்கிறோம் என்று பார்க்கமாட்டான். பழனிவேல் பார்த்துக்கொண்டிருந்தான். அபுல் ஹசனின் தோளுக்கும் டிரைவரின் நெற்றிக்கும் நடுவில் இடம் தேடினான். டிரைவர் உயிரோடு இருந்தால் ரோட்டில் என்ன கிடந்தது என்று சொல்வான்.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். அதன் முதுகுப் பக்கத்தை ஓங்கி அண்ணனின் முழங்கைக்குக் கீழே அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கல் அவன் காலிலேயே விழுந்தது. பழனிவேல் கையைப் பார்த்தான். அது வேறு பக்கமாகத் தொங்கியது.

"ஏய்... ஏய், என்னாடி பண்ண?"

"எல்லாரும் நில்லுங்க!" மண்வெட்டியைச் சுற்றினாள். கிட்டே இருந்தவர்கள் விலகினார்கள். "அந்தாளு மேல ஒருத்தன் கை வெச்சாலும் மண்டையைப் பொளந்துடுவேன். அந்தாளு ஒண்ணும் பண்ணல. அன்புமணி உளுந்துல வழுக்கித்தான் விழுந்தான். ரோடு பூரா உளுந்து கெடந்துச்சு. இப்பத்தான் அள்ளி வாய்க்கால்ல போட்டானுங்க. போயிப் பாருங்க!"

"அவ பொய் சொல்றா!" என்றான் பழனிவேல். வலியில் உட்கார்ந்துவிட்டான். "புருஷன் செத்ததுலேருந்தே அவ சரியில்ல. ரோடுதான் வழுக்குச்சு, இந்தக் கல்லு ரோடுதான். அவ போட்டது, அதான் மறைக்கிறா."

ஜனம் முழித்தது. யாரை அடிப்பது என்று தெரியாத கூட்டம் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் சௌந்தரம் வந்துவிட்டாள்.

அவள் அழவில்லை. பஸ்ஸுக்கு அடியில் நுழைந்து மகனின் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் பார்த்தாள். உடம்பு வரவில்லை, சக்கரத்தில் மாட்டியிருந்தது. ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். கன்னத்தில், கழுத்தில், தேய்ந்து கிழிந்த தோளில் சின்னச்சின்னதாகக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கல் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். பிறகு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சட்டைக் காலருக்குள் ஒரு முழு நெத்து இருந்தது.

"உளுந்து" என்றாள். நிமிர்ந்தாள். "யாருது?"

ஜனம் வாய்க்கால் பக்கம் பார்த்தது.

"யாருது உளுந்து? கேக்கறேனில்ல?"

மலர்க்கொடி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "எங்கண்ணனுது. அதுல ரெண்டு மூட்டை என்னுது. நான்தான் புரட்டி விட்டுக்கிட்டிருந்தேன் சௌந்தரம்."

சௌந்தரம் எழுந்து வந்து அவள் முகத்தில் அறைந்தாள். பிறகு மயிரைப் பிடித்துக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து அடித்தாள். கடித்தாள். மலர்க்கொடி கையை ஓங்கவில்லை. ஜனங்களில் பாதிப் பேர் பழனிவேல் பக்கம் திரும்பினார்கள். முன்னே டிரைவரை மிதித்த அதே கால்கள். போலீஸ் ஜீப் வந்து தடியைச் சுழற்றும் வரைக்கும் அவனை உடைந்த கையோடு சேர்த்து மிதித்தார்கள்.

அபுல் ஹசன் டிரைவரைக் கல் ஏற்றுகிற டெம்போவில் போட்டு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒரு கண் போய்விட்டது. உயிர் இருந்தது.

ஸ்டேஷனில் மலர்க்கொடி நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எழுதிய ஏட்டு, "உம்மேலயும் கேஸ் வரும்மா, தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றார். "தெரிஞ்சுதான்" என்றாள். ஆனால் நேர் ரோட்டில் உளுந்து போட்டிருந்த ஒன்பது வீட்டுக்காரர்கள், தங்கள் மேலும் கேஸ் வரும் என்று ஒன்றாகப் போய், ரோட்டில் ஒன்றுமே கிடக்கவில்லை, புது ரோடுதான் வழுக்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ரோட்டு அதிகாரி போனில் அபுல் ஹசனைக் கூப்பிட்டார். நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து சோதிப்பேன், வழுக்குகிற மாதிரி இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பழையபடி தார்தான், ஊரைப் பகைத்துக்கொண்டு என்னால் முடியாது என்றார்.

"இப்ப சோதிச்சா வழுக்கத்தான் செய்யும்" என்றார் அபுல் ஹசன் மலர்க்கொடியிடம். அவரால் நேராக நிற்க முடியவில்லை. "பல்லுக்குள்ள எல்லாம் அந்தச் சாறும் ரத்தமும் ரொம்பிக் காஞ்சு கெடக்கு. தீயணைப்பு வண்டி தண்ணி அடிச்சும் போவல. தார் ரோடா இருந்தா ஒரு பக்கெட்ல போயிருக்கும்."

அவள் வீட்டுக்குப் போனபோது துணியும் பாத்திரமும் தெருவில் கிடந்தன. அண்ணி ஜெயராணி கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, "கூடப் பொறந்தவன் கையை ஒடிச்சவளுக்கு இங்க எடமில்ல. சோறு போட்டதுக்கு நல்லாக் காட்டிட்ட" என்றாள். இலக்கியா தெருவில் புத்தகப் பையோடு நின்றாள். அபுல் ஹசன் வீட்டம்மா ருக்கையா வந்து அவளைப் பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிப்போனாள்.

விடிந்ததும் மலர்க்கொடி ஒரு டிரம் தண்ணீர், சோப்புத்தூள், கம்பி பிரஷ் எல்லாவற்றோடும் வளைவில் உட்கார்ந்தாள். வேலைக்கு வேறு யாரும் வரவில்லை. ஊர்க்காரர்கள் வரக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அபுல் ஹசன் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிவப்புக் கொடியோடு நின்று வண்டிகளை ஒரு பக்கமாக விட்டார். முகம் வீங்கி அவளுக்கு ஒரு கண்தான் திறந்தது. முதலில் செடி கிடந்த பக்கம். தேய்த்தால் பச்சையாக நுரை வந்தது. ஊற்றித் தேய்த்து, மறுபடி ஊற்றி, விரல் நகத்தால் நோண்டினாள். எட்டு மணிக்கு அந்தப் பக்கம் கல் தெரிந்தது. பிறகு பஸ் நின்ற இடத்துக்கு வந்தாள். அங்கே பாய் விரித்த அகலத்துக்கு ரத்தம் காய்ந்து கறுப்பாக இருந்தது.

இரண்டு தரம் தேய்த்திருப்பாள். யாரோ பிரஷ்ஷைப் பிடித்தார்கள்.

சௌந்தரம். நேற்றுக் கட்டின புடவை. ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி நின்றது.

"கழுவாத."

"சௌந்தரம், கொஞ்சம் தள்ளிக்கோ."

"கழுவாதங்கறேன். அது எம்புள்ள. அங்க ஆஸ்பத்திரில அறுத்துக்கிட்டிருக்கானுங்க. பத்து மணிக்குக் கொண்டாருவாங்களாம். அது வரைக்கும் எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"அவனைக் கொண்டாற வண்டியும் இதுலதான் திரும்பணும்" என்றாள் மலர்க்கொடி. "பின்னாடி பசங்க நாப்பது பைக்குல வருவானுங்க. உன் புள்ள கூட்டாளிங்க. எல்லாம் வேகமாத்தான் வருவானுங்க."

சௌந்தரம் அவளையே பார்த்தாள். பிறகு ஓரத்தில் இன்னும் கிடந்த காவல் கல் ஒன்றைத் தூக்கி வந்தாள். அபுல் ஹசன் கொடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வராதீங்க பாய்" என்றாள் மலர்க்கொடி. ரோட்டில் ஊன்றியிருந்த அவள் இடது கையின் மேல் சௌந்தரம் கல்லைப் போட்டாள். மூன்று விரல் கல்லுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கியது. மலர்க்கொடி கையை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்படியே சாய்ந்து படுத்தாள். ரோடு சில்லென்று இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கொடியில்லாமல் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. அவள் எழுந்து உட்கார்ந்து இடது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையை நீட்டினாள். பிரஷ்ஷைச் சௌந்தரம் எடுத்து வைத்திருந்தாள்.

சௌந்தரம் கொடுக்கவில்லை. ரத்தக் கறையின் நடுவில் ஒரு சாண் இடத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். "இதை விட்டுட்டு மிச்சத்தைக் கழுவு" என்றாள்.

"அந்த ஒரு சாண்ல ஒரு சக்கரம் நிக்கும் சௌந்தரம்."

ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு லாரிக்காரன் தலையை நீட்டி, "ஏம்மா, உங்க பஞ்சாயத்தை ஓரமா வெச்சுக்கக் கூடாதா?" என்று கத்தினான். சௌந்தரம் திரும்பி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நிற்கிற பைக்குகளைப் பார்த்தாள். ஒருத்தன் வண்டியை ரேஸ் பண்ணிக்கொண்டிருந்தான்.

கையை எடுத்தாள். எடுத்துத் தன் முகத்தில் அறைந்துகொண்டாள், இரண்டு கையாலும், நிற்காமல்.

மலர்க்கொடி கீழே விழுந்து கிடந்த பிரஷ்ஷை எடுத்து, தண்ணீரை ஊற்றி, அந்த ஒரு சாணைத் தேய்த்தாள்.